கறாரக்காவின் அறிகுறி

கறாரக்காவின் வாயிலிருந்து ஒரு "நல்லா இருக்கு" வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அது தெரியும். அவளோடு இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிற தையல்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் ஒரு சட்டையைப் பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொண்டுவந்து நீட்டினால், அவள் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள். பிசிறு இருக்கிறதா என்று தேடுவாள். இல்லையென்றால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தேடுவாள். எங்கேயாவது ஒன்று இருக்கும் என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

"இந்தக் காஜா நூல் அளவுக்குக் கீழ போயிருக்கு."

"எங்க?"

"இங்கதான். பொத்தானைப் போட்டுப் பாருங்க, சட்டை கோணிக்கிட்டு நிக்கும்."

தையல்காரர் போட்டுப் பார்ப்பார். கொஞ்சம் கோணித்தான் நிற்கும். காஜா என்றால் பொத்தான் நுழைகிற துளை. அதைக் கையால் சுற்றித் தைப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். வாடிக்கைக்காரர்கள் சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியவள் சொல்ல வேண்டுமே.

அவளையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. அவள் பார்த்த வேலை அப்படி. ஊர்க் கடைசியில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். மேலே ஏற ஏற மனுஷ மூளை எவ்வளவு மந்தமாகிறது என்று அளந்து பார்ப்பதுதான் அங்கே தொழில். அதற்காக ஒவ்வொரு தடவையும் மலை ஏறிக்கொண்டிருக்க முடியுமா? கீழ்த்தளத்தில் தடித்த இரும்பில் ஓர் அறை கட்டி வைத்திருந்தார்கள். வட்டக் கண்ணாடி ஜன்னல், கதவைச் சுற்றி ரப்பர் வளையம், பக்கவாட்டில் வால்வுகள். உள்ளே ஆளை உட்காரவைத்துக் கதவைச் சாத்திக் காற்றை உறிஞ்சி எடுத்தால், அவர் உட்கார்ந்த இடத்திலேயே மலை ஏறின கணக்கு. அந்த அறைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எல்லாரும் சொல்வது குக்கர் என்றுதான். குக்கரில் அழுத்தம் ஏறும், இதில் இறங்கும், ரெண்டும் நேர் எதிர் என்று ஆய்வுக்கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா விளக்கி விளக்கிப் பார்த்தார். கடைசியில் அலுத்துப்போய்த் தானும் குக்கர் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

குக்கருக்குள் கூரையிலிருந்து ஒரு ரப்பர் கையுறை, வாய் கட்டித் தொங்கும். கதவு சாத்தும்போது அது வாடி வதங்கிக் கிடக்கும். காற்று குறையக் குறைய உப்பி, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு வா வா என்று கூப்பிடும். வயிற்றுக்குள் இருக்கிற வாயுவுக்கும் அதே கதிதான் என்பதால், முந்தின நாள் பயறு வகைகள் பக்கமே போகக் கூடாது என்று சட்டம். சட்டத்தை மீறியவர்கள் யார் யார் என்பது கூட உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கதை நமக்கு வேண்டாம்.

லாரி ஓட்டுகிறவர்கள், மலைச்சாலை போடுகிறவர்கள், கேபிள் கார் இயக்குகிறவர்கள் என்று மேலே வேலைக்குப் போகிற யாராக இருந்தாலும் முதலில் குக்கரில் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். கறாரக்கா வெளியே, வட்ட ஜன்னலை ஒட்டி, மைக் முன்னால் உட்கார்ந்திருப்பாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா என்பாள். நான் சொல்லும் எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல் என்பாள். ஓர் அட்டையில் 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காதே, மையின் நிறத்தைச் சொல் என்பாள். கீழே இருக்கும்வரை இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. மேலே போகப் போகத்தான் வேடிக்கை.

அவளை வேலைக்கு எடுத்ததே அந்தக் குரலுக்காகத்தான். எண்களைக் கடிகாரம் மாதிரி ஒரே சீராக வாசிப்பாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை, இழுவையில்லை. சரியாகச் சொன்னவரை "சபாஷ்" என்றால் அந்த மிதப்பிலேயே அடுத்ததைக் கோட்டை விடுவார். தப்பாகச் சொன்னவரிடம் "அச்சச்சோ" என்றால் பயத்தில் கோட்டை விடுவார். அதனால் சோதிக்கிறவர் முகத்திலும் குரலிலும் ஒன்றும் தெரியக் கூடாது. இது தொழில் விதி. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அதை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. பாராட்டை வீட்டிலும் பூட்டியே வைத்தாள். குறை சொல்வதற்கு மட்டும் தனக்குத் தானே விலக்குக் கொடுத்துக்கொண்டாள்.

காற்று குறைந்தால் ஆளுக்கு ஒரு கோளாறு வரும். அதற்கு அறிகுறி என்று பெயர். ஒருவருக்கு விரல் நுனியில் எறும்பு ஊரும். ஒருவர் காரணமே இல்லாமல் சிரிப்பார். ஒருவருக்கு நிறமெல்லாம் வெளுத்துப்போகும். இன்னொருவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதில் பொல்லாத சங்கதி என்னவென்றால், மூளை மங்குவது அந்த மூளைக்கே தெரியாது. தப்புத் தப்பாகக் கழித்துக்கொண்டே, "நான் இன்னிக்கு ரொம்ப நல்லா பண்றேன்ல?" என்று பெருமையாகக் கேட்பார்கள். அதனால் தன் அறிகுறி எது என்று தெரிந்து வைத்திருந்து, அது தலைகாட்டின உடனே, பக்கத்தில் யாரும் சொல்லாமல், தானாக ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டால் தேர்ச்சி. அவர்களைத்தான் மேலே அனுப்புவார்கள்.

சோதனை முடிந்து வெளியே வருகிறவர்களைக் கறாரக்கா சும்மா விடமாட்டாள். "தொண்ணூத்திமூணுல ஏழு போனா நூத்தியம்பதா? வீட்டுக் கணக்க அம்மணிகிட்டயே விட்டுடுங்க" என்பாள். காற்றைத் திறந்து மூடுகிற ஆளுக்கு வால்வு என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாற்பது வயது ஆள், ஆறடி உயரம். அவருடைய அறிகுறி அழுகை. ஒருமுறை பயிற்சிக்காக உள்ளே போனவர், சின்ன வயதில் ஏதோ கூரைமேல் போய் விழுந்து திரும்பி வராத ஒரு பந்தை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் உள்ளே நுழையும்போது கறாரக்கா கேட்பாள், "என்ன வால்வு, பந்து கெடச்சுதா?"

இத்தனை பேரை மேலே அனுப்பியவள் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் உண்டு, சாதாரண ஜன்னல். அதில் மலை முழுசாகத் தெரியும். போய்விட்டு வருகிறவர்கள் எல்லாரிடமும் ஆசையாகக் கேட்பாள்.

"மேல எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா."

"நல்லான்னா?"

"நல்லான்னா... வெள்ளையா... பெருசா..."

அவ்வளவுதான். அரைகுறை மூளையோடு பார்த்துவிட்டு வந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? இத்தனை வருஷத்தில் ஒழுங்கான சாட்சி ஒன்றுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. நானே போய்ப் பார்த்தால்தான் உண்டு என்று மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தாள். அந்த ஆசை அவளுக்குள் அடுப்பில் வைத்த பால் மாதிரி எப்போதும் பொங்கத் தயாராக இருந்தது.

ஒருநாள் அதற்கு வழி பிறந்தது. உச்சியில் நட்சத்திரம் பார்க்கிற தொலைநோக்கி நிலையம் ஒன்று உண்டு. அங்கே இருப்பவர்கள் ஒரு பருவம் முழுக்க மேலேயே தங்கினால் அவர்கள் மூளை தேறுகிறதா, தேய்கிறதா என்று நாள்தோறும் அளந்து பார்க்க டாக்டரம்மா திட்டம் போட்டார். அளப்பதற்கு மேலேயே தங்க ஒருவர் வேண்டும். டாக்டரம்மா சொல்லி வாயை மூடுவதற்குள் கறாரக்கா எழுந்து நின்றாள்.

"நான் போறேன்."

"நீங்க போனா எனக்கு நிம்மதிதான்கா. ஆனா நீங்களும் குக்கர்ல உக்காரணும். அளக்கறவங்க மூளையே மங்கிடுச்சுன்னா அப்புறம் அந்த அளவுக்கு என்ன அர்த்தம்? மூணு தடவை பாக்கலாம். மூணுல ஒரு தடவகூட நீங்களா மாஸ்க்க எடுக்கலன்னா நான் வேற ஆளத்தான் அனுப்பணும்."

கறாரக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை காலம் ஜன்னலுக்கு வெளியேயிருந்து வேடிக்கை பார்த்தவள் இனி உள்ளே உட்கார்ந்து வேடிக்கை காட்ட வேண்டும். ஆனாலும் பின்ஜன்னலைத் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் அன்றைக்கு லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்தார்கள். சாலைக்காரர்கள் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். தையல்காரரும் கடையை அரைநாள் பூட்டிவிட்டு, கழுத்தில் தொங்குகிற அளவு டேப்பைக்கூடக் கழற்றி வைக்க மறந்து ஓடிவந்தார். மனைவி எப்படியும் தேறிவிடுவாள் என்று அவருக்கு நம்பிக்கை. மலைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு கனத்த கோட்டுக்கு ஏற்கெனவே துணி வெட்டியிருந்தார்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே துணைக்கு மாஸ்க் அணிந்த ஒரு நர்ஸ் பெண். வெளியே மைக்கில் டாக்டரம்மா. வால்வு வழக்கம்போல ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினார்.

"வால்வு, பாட்ட நிறுத்து. சுருதியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் கறாரக்கா. ஒலிபெருக்கியில் அது எல்லாருக்கும் கேட்டது. "டாக்டரம்மா, எண்கள ஓட விடாதீங்க. ஒரே சீரா வாசிங்க."

வெளியே ஒரே சிரிப்பு. கையுறை மெல்ல உப்ப ஆரம்பித்தது. கறாரக்கா எச்சில் விழுங்கிக் காது அடைப்பை நீக்கிக்கொண்டாள். நூறிலிருந்து கழித்தாள், எண்களைத் திருப்பினாள், நிறங்களைச் சொன்னாள். ஒன்றும் பிசகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன் உடம்பைத் தானே கவனித்தாள். விரலில் எறும்பு ஊரவில்லை. சிரிப்பு வரவில்லை. அழுகை வரவில்லை. சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே ஆகல," என்று அறிவித்தாள். சற்று நேரம் கழித்து, "டாக்டரம்மா, நீங்க எவ்வளவு அழகா வாசிக்கிறீங்க! கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு," என்றாள்.

வெளியே சிரிப்பு சட்டென்று நின்றது.

"எழுபத்திரெண்டுல ஏழு போனா எவ்வளவுக்கா?"

"அது கெடக்குது விடுங்க. இந்த நர்ஸ் பொண்ணு கை எவ்வளவு பதமான கை தெரியுமா? ஊசி போட்டா போட்டதே தெரியாது. வால்வு, ஏம்பா பாட்ட நிறுத்திட்ட? பாடு, பாடு. என்னா இனிமை! தங்கமான மனுஷன். பாவம், அந்தப் பந்து கெடைக்கவே இல்லையே!" அவள் ஜன்னல் வழியே விரலை நீட்டினாள். "அதோ, கழுத்துல டேப்போட நிக்கிறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரர். அவர் போடற காஜாவ நீங்க பாத்திருக்கீங்களா? ஒவ்வொண்ணும் கண்ணு மாதிரி இருக்கும். இமையோட இருக்கற கண்ணு. உலகத்துல வேற யாராலயும் அப்படிப் போட முடியாது."

தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அவள் விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் ஆக்ஸிஜன் அளவு சரசரவென்று இறங்குவதைப் பார்த்துவிட்டு நர்ஸ் மாஸ்க்கை எடுத்து அவள் முகத்தில் அழுத்தினாள். நாலு மூச்சு இழுத்ததும் கறாரக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

"யாரு எனக்கு மாஸ்க் போட்டது? நல்லாத்தானே இருந்தேன்! வால்வு, உன்ன யாருப்பா பாடச் சொன்னது?"

வெளியே வந்ததும் உள்ளே பேசியதைப் பதிவிலிருந்து அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்கக் கேட்க அவளுக்குக் காது மடல் சிவந்தது. தப்பாகக் கழித்திருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இது மானம் போகிற காரியமாக இருந்தது.

"இது நான் இல்ல."

"உங்க குரல்தான்கா."

"குரல் என்னோடது. பேச்சு என்னோடது இல்ல."

"அந்தக் காஜா வர்ற எடத்த மட்டும் இன்னொரு தடவ போடுங்களேன்," என்றார் தையல்காரர்.

ஆக, கறாரக்காவின் அறிகுறி பாராட்டு. மற்றவர்களுக்குக் கால் தள்ளாடும். இவளுக்கு நாக்கு இனிக்கும். அவளைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் சிரிக்க மறந்து வீட்டுக்குப் போனார்கள். வால்வுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து முணுமுணுப்பை விட்டு வாய்விட்டே பாட ஆரம்பித்துவிட்டார். தையல்காரர் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா ஒரு சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது கேட்டேவிட்டார்.

"காத்து கொறஞ்சா மனுஷங்க பொய் சொல்வாங்களாம்மா?"

"பொய்யும் வரும், நெசமும் வரும். எது எதுன்னு பிரிச்சுக் காட்டற கருவி எங்கிட்ட இல்லீங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் தோள் அளவை இன்னொரு தடவை எடுத்தார்.

இரண்டாவது தடவைக்குக் கறாரக்கா வைராக்கியத்தோடு போனாள். யாரைப் பற்றியாவது நல்லதாக ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தால் போதும், உடனே மாஸ்க். கதவு சாத்தப்பட்டது. கையுறை இன்னும் பாதிகூட உப்பவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ், குனிந்து அவள் கால் மேல் போர்வையை இழுத்து விட்டாள். இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பொறுமை என்று கறாரக்காவுக்குத் தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், மாஸ்க்கை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டாள்.

வெளியே கைதட்டினார்கள். டாக்டரம்மா மட்டும் கைதட்டவில்லை. திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கறாரக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த தையல்காரரும் கூடவே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க மாஸ்க்க எடுத்தப்ப உங்க ஆக்ஸிஜன் நல்லாவே இருந்துச்சு. அந்த உயரத்துல யாருக்கும் மூளை மங்காது. ஆனா சில பேருக்கு அறிகுறி கொஞ்சம் முந்தி வரலாம். அதனால ஒரே ஒரு கேள்வி. இந்த மாதிரி நெனப்பு உங்களுக்கு வெளியில, சாதாரணமா இருக்கும்போது வந்ததே இல்லன்னா, இது அறிகுறிதான். இப்பவே தேர்ச்சின்னு போட்டுடறேன். வந்திருக்கா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த மாதமே மலை. கறாரக்கா ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்தும் மலை தெரிந்தது. வெயிலில் பளபளவென்று, போய்வந்தவர்கள் எல்லாரும் சொன்ன மாதிரி வெள்ளையாக, பெருசாக. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆயிரம் பேருடைய விடையைக் கறாராக அளந்தவள், தன் விடையைத் தானே திருத்துவதா? அதைவிட மானம் போவது மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வந்திருக்கு."

"எப்பக்கா?"

"தினமும்."

மூலையில் கேரியர் மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"காலையில இவரு துணி வெட்டுவாரு," என்றாள் கறாரக்கா, மேஜையைப் பார்த்துக்கொண்டு. "நான் அடுப்படியில இருப்பேன். கத்தரி துணியில போற சத்தம் கேக்கும். ஒரே இழுப்பு. எங்கயும் நின்னு யோசிக்காது. இந்த மனுஷன் கையில என்னமோ இருக்குன்னு நெனப்பேன். வால்வு பாட்டு கேக்காத நாள்ல எனக்கு வேலையே ஓடாது. நீங்க லீவுல போனா இந்தக் கட்டடமே வெறிச்சோடிப் போவுது. எல்லாம் தோணும். சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்."

"ஏன் சொல்ல மாட்டீங்க?"

"சொன்னா அடுத்தது கெட்டுடுமே, டாக்டரம்மா! சோதனை நடக்கும்போது சபாஷ் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே விதி வெச்சிருக்கீங்க?"

தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப நான் இருபத்தெட்டு வருஷமா சோதனையிலயா இருக்கேன்?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கறாரக்காவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். தேர்ச்சி போச்சே என்று ஜன்னல் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க நெசத்தச் சொன்னதால இந்தத் தடவை தேர்ச்சின்னு போட முடியாது," என்றார் டாக்டரம்மா. "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. ஆனா அக்கா, இப்பத்தான் உங்க அறிகுறி என்னன்னு சரியா தெரிஞ்சிருக்கு. நெனப்பு வர்றது அறிகுறி இல்ல. அது உங்களுக்கு எப்பவும் வருது. அது வாய்க்கு வர்றதுதான் அறிகுறி."

கேரியரைத் திறந்து மூவரும் சாப்பிட்டார்கள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று கறாரக்கா சொன்னாள். தையல்காரருக்கு அது பாட்டு மாதிரி கேட்டது.

மூன்றாவது தடவை, ஜன்னலுக்கு வெளியே நிற்க இடமில்லை. தையல்காரர் முன்வரிசையில் டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கையுறை உப்பியது, விரல்களை விரித்தது, வா வா என்றது. கறாரக்காவுக்கு நல்ல நினைப்புகள் வரிசையாக வந்தன. வரட்டும் என்று விட்டுவிட்டாள். நினைப்பைக் காவல் காக்கவில்லை. நாக்கை மட்டும் காவல் காத்தாள். கழித்தாள், திருப்பிச் சொன்னாள், நிறங்களைச் சொன்னாள். ஒரு விடை தடுமாறியது. வெளியே பயத்தில் வால்வு தன்னையறியாமல் பாட ஆரம்பித்தார்.

"வால்வு, உன் பாட்டு எவ்வளவு..."

தன் குரல் தன் காதில் விழுந்தது. அது குழைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குழைவைக் கேட்டது ஒரே ஒரு தடவை, பதிவில். கை மாஸ்க்கைத் தேடியது. கைக்கு அது எட்டாமல் ஒருமுறை வழுக்கியது. நர்ஸ் எழப்போனாள். அதற்குள் கறாரக்கா மாஸ்க்கைப் பிடித்து இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தானாக. யாரும் சொல்லாமல்.

குக்கரே அதிர்கிற மாதிரி வெளியே கூச்சல் போட்டார்கள். லாரிக்காரர் ஒருவர் தையல்காரரைத் தூக்கிவிட்டார்.

"அக்கா, பாதியில நிறுத்திட்டீங்களே!" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார் வால்வு. "எவ்வளவு என்ன? சொல்லுங்க!"

கறாரக்கா நாலு மூச்சு நன்றாக இழுத்துவிட்டு மாஸ்க்கைச் சற்றே விலக்கினாள்.

"எவ்வளவு சொன்னாலும் உனக்குச் சுருதி வராதுன்னு சொல்ல வந்தேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள் தையல்காரர் கோட்டை நீட்டினார். அவள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் தேடினாள். "இடது பையில ஒரு தையல் தாண்டியிருக்கு," என்றாள். ஆமாம் என்று அவர் சிரித்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவையும் சிரித்தார்.

மேலே, நிலையத்தில் கால் வைத்த அன்றைக்கே கறாரக்கா எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்: நான் யாரையாவது பாராட்டினால், பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்காமல் ஆக்ஸிஜனை எடுத்து வாருங்கள். முதல் சாயங்காலம் அவள் வெளியே வந்து, கீழே மேகமும் மேலே நட்சத்திரமுமாக இருந்ததைப் பார்த்து, "அழகா இருக்கு" என்று சொன்னதும் மூன்று பேர் மாஸ்க்கோடு ஓடிவந்தார்கள். "இது மலைக்குப்பா, மனுஷங்களுக்கு இல்ல," என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். விரலில் கிளிப்பை வைத்துப் பார்த்தால் அளவு உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் சமையல்காரர் தினமும் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். உப்பு குறைவு என்பாள். அப்பாடா என்று அவர் உள்ளே போவார். கறாரக்கா குறை சொல்லிக்கொண்டிருக்கும்வரை நிலையத்தில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அவள் வாசித்த எண்கள் ஒரே சீராக இருந்தன என்று டாக்டரம்மா பின்னால் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

பருவம் முடிந்து கேபிள் கார் கீழே வந்து நின்றபோது, தையல்காரர் கம்பிக்கு வெளியே காத்திருந்தார். அவள் முகம் வெயிலில் கறுத்து உதடு வெடித்திருந்தது. கோட்டு மட்டும் புதுசு குலையாமல் இருந்தது.

"மேல எப்படி இருந்துச்சு?"

அவள் இத்தனை நாளும் சேர்த்து வைத்த ஒழுங்கான சாட்சியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

"நல்லான்னா?"

"வெள்ளையா... பெருசா..." என்றாள். அதோடு நின்றுபோயிற்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். பை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

வெளியே நடக்கையில் அவள் நின்றாள். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். பொத்தான் காஜாவுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"மேல எல்லாருக்கும் விரல் வெறச்சு பொத்தான் போட முடியாம அல்லாடுவாங்க," என்றாள். "எனக்கு மட்டும் ஒருநாள்கூட அந்தக் கஷ்டம் இல்ல. தானா போய் மாட்டிக்கும். ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்க."

தையல்காரர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு கிளிப்பை எடுத்தார். ஆய்வுக்கூடத்தில் கழித்துப் போட்ட பழைய கிளிப், வால்வு கொடுத்தது.

"கையக் குடு."

"எதுக்கு?"

"குடு, சொல்றேன்."

அவள் கை சில்லென்றிருந்தது. குளிர்ந்த விரலில் வைத்தால் தப்பாகக் காட்டும் என்று வால்வு சொல்லியிருந்தார். அதனால் அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடு வரும்வரை தேய்த்தார். பிறகு கிளிப்பை மாட்டினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு எண் கொஞ்சம் அலைந்துவிட்டு நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

அவர் கிளிப்பைக் கழற்றி உதறிவிட்டு அதே விரலில் இன்னொரு தடவை வைத்தார். மறுபடியும் தொண்ணூற்றெட்டு. அவருக்குக் கண் கலங்கி எண் மங்கலாகத் தெரிந்தது. நம்பிக்கை வராதவர் மாதிரி அவள் முகத்தையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

கறாரக்கா அடுத்த விரலை நீட்டினாள்.